சோழிங்கநல்லூரா, தாம்பரமா, கோவையா: வாடகை வீட்டுக்கு ஒரு முழுக்கணக்கு

ஆனி மாதத்தில் ஒரு நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, வேளச்சேரி வீட்டு ஓனர் மறுபடியும் வாடகை ஏத்துறார். இவருக்கு ஆபீஸ்ல கோயம்புத்தூர் கிளைக்குப் போறீங்களான்னு கேட்டிருக்காங்க. நீதான் ஏழு வீடு மாறுனவன், கணக்குப் போட்டுச் சொல்லு" என்றாள். பதினாறு வருடத்தில் ஏழு வீடு என்பது பெருமைப்படும் விஷயமில்லை. ஆனால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், கரண்ட் பில்லில் எங்கே கை வைப்பார்கள் என்பதெல்லாம் அந்த ஏழு வீட்டில் கற்றதுதான்.

அவர்கள் நிலவரம் இது. மாப்பிள்ளைக்கு சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. தங்கைக்கு எழும்பூர் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அடுத்த ஜூனில் எல்கேஜி. முன்னால் மூன்று வழிகள்: மாப்பிள்ளை ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு ஃபிளாட், கிழக்குத் தாம்பரத்தை ஒட்டி சேலையூரில் ஒரு வீட்டின் முதல் மாடி, அல்லது கோவைக்கே போய் சரவணம்பட்டி. மூன்று இடத்திலும் இரண்டு படுக்கையறை வீடுகளை நேரில் பார்த்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் வந்தார்கள். ஓஎம்ஆர் 24,000, சேலையூர் 16,000, சரவணம்பட்டி 14,000. இவை அவர்கள் பார்த்த வீடுகளின் வாடகைதான், அந்தப் பகுதிக்கே பொதுவான விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவுக்குத் தெரு மாறும்.

இதை வைத்து மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஓஎம்ஆருக்கும் கோவைக்கும் மாதம் பத்தாயிரம் வித்தியாசம், கிளம்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். டூ-லெட் போர்டில் எழுதியிருக்கும் வாடகையும் அந்த வீட்டுக்காக மாதாமாதம் நம் கையைவிட்டுப் போகும் பணமும் ஒன்றில்லை.

முதலில் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத, ஆனால் எல்லோரும் தலையாட்டும் வழக்கம். 24,000 ரூபாய் வீட்டுக்கு 2,40,000 ரூபாய் வட்டியில்லாமல் ஓனரிடம் தூங்கும். அதை வங்கியில் ஆறரை சதவீதத்தில் போட்டிருந்தால் வருடத்துக்கு 15,600, மாதத்துக்கு 1,300 வந்திருக்கும். அதுவும் வாடகைதான், ரசீது மட்டும் கிடையாது. அடுத்தது புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் இன்னொரு மாதம் பிடிப்பார்கள். இரண்டு வருடம் குடியிருந்தால் இந்த இரண்டு மாத வாடகையை 24 மாதத்துக்குப் பிரிக்க வேண்டும். 48,000-ஐப் பிரித்தால் மாதம் 2,000. அதனால்தான் அடிக்கடி வீடு மாறுகிறவன் எப்போதும் நஷ்டக்காரன். ஒரே வருடத்தில் காலி செய்தால் அதே செலவு மாதம் 4,000 ஆகிவிடும். நான் ஒருமுறை ஒன்பதே மாதத்தில் காலி செய்து, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத வீட்டுக்கு வெள்ளையடிப்புக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஃபிளாட் என்றால் மெயின்டனன்ஸ். அவர்கள் பார்த்த ஓஎம்ஆர் ஃபிளாட்டில் மாதம் 3,000. மாப்பிள்ளை ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் தங்கை எழும்பூர் வரை போக வேண்டும். மாநகரப் பேருந்தில் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்தாலும் வீட்டிலிருந்து வேலைக்கு ஒன்றரை மணி நேரம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் ஓஎம்ஆரில் தடுப்புகள் போட்டிருப்பது தெரிந்ததுதான். எல்லாம் சேர்த்தால் 24,000 ரூபாய் வீடு மாதம் 31,300 ரூபாய் வீடாகிறது. கரண்டும் தண்ணீரும் இன்னும் சேரவில்லை.

சேலையூருக்கு வருவோம். வாடகை 16,000. பத்து மாத அட்வான்ஸுக்கு வட்டி இழப்பு மாதம் 870 அளவில். புரோக்கரும் வெள்ளையடிப்பும் சேர்ந்து மாதத்துக்கு 1,330. தனி வீட்டு மாடி என்பதால் மெயின்டனன்ஸ் கிடையாது. மாப்பிள்ளை மேடவாக்கம் வழியாக பைக்கில் சோழிங்கநல்லூர் போனால் ஒரு வழிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், மாதம் 22 வேலை நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் 1,600. தங்கைக்குத் தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு நேரே மின்சார ரயில். சீசன் டிக்கெட்டும் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோவும் சேர்ந்து ஆயிரத்துக்குள் அடங்கும். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அந்தச் செலவும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. மொத்தம் 20,800.

கோவை? வாடகை 14,000. அங்கே பார்த்த வீட்டுக்கு ஐந்து மாத அட்வான்ஸ்தான் கேட்டார்கள், வட்டி இழப்பு 380. புரோக்கர், வெள்ளையடிப்புக்கு மாதம் 1,170. ஆபீஸ் பக்கத்திலேயே என்பதால் பெட்ரோல் 500 போதும். கிட்டத்தட்ட 16,000.

மாப்பிள்ளை பார்த்தது ஓஎம்ஆருக்கும் கோவைக்கும் உள்ள வித்தியாசத்தை. அது முழுக்கணக்கில் இன்னும் பெரிது, 15,000 ரூபாய். ஆனால் அதில் 10,500 ரூபாயைச் சென்னைக்குள்ளேயே சேலையூருக்கு நகர்ந்தாலே மிச்சம் பிடித்துவிடலாம். கோவைக்குப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் ஐந்தாயிரத்துக்குள்தான். அந்த ஐந்தாயிரத்துக்காகத் தங்கை வேலையை விட வேண்டும். கோவையில் அதே வேலைக்கு இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தாள், இப்போது வாங்குவதைவிட எட்டாயிரம், பத்தாயிரம் குறைத்தே சொன்னார்கள். கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு என்றால் பதில் வேறு. அவர்களிடம் நான் தயங்காமல் கோவை என்பேன், அதுவும் சம்பளத்தைக் குறைக்காமல் மாற்றல் தந்தால். சிறுவாணித் தண்ணீரை ஒருமுறை குடித்துப் பழகியவனுக்கு ஓஎம்ஆர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்பது என் சொந்தப் பாரபட்சம், கணக்கில் சேர்க்க வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா அம்மா உடுமலைப்பேட்டையில் இருக்கிறார்கள். கோவையிலிருந்து இரண்டு மணி நேர பஸ், சென்னையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். இதற்கு எண் போட முடியாது, ஆனால் வயதானவர்களுக்கு உடம்பு முடியாமல் போகும் வருடத்தில் இதுதான் எல்லா எண்ணையும்விடப் பெரிதாக நிற்கும். கோவையில் ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால் போக்குவரத்து. தாம்பரம் மாதிரி ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில் அங்கே இல்லை. கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள் தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது சொன்ன காரணம். ஆகவே வீட்டுக்கு இரண்டு வண்டி தேவைப்படும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டாவதின் மாதத் தவணையை இந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

வருமான வரியில் ஏதாவது மாறுமா என்று மாப்பிள்ளை கேட்டார். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி விலக்கில் சென்னைக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், கோவைக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது. அவர் புதிய முறையில் இருக்கிறார், எனவே அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மத்திய அரசு ஊழியர் என்றால் மட்டும் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் வீட்டு வாடகைப்படி, கோவை, மதுரை, திருச்சி, சேலத்தில் 20 சதவீதம். இந்தப் பத்து சதவீதம் சில சமயம் வாடகை வித்தியாசத்தையே விழுங்கிவிடும்.

கரண்டும் தண்ணீரும்

இவை இரண்டும் சின்ன விஷயம் போலத் தெரியும். வீடு பார்க்கப் போகும்போது நான் அடுப்படிக்கு முன்பே மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன். நம் வீட்டுக்குத் தனி இபி இணைப்பு இருக்கிறதா, இல்லை ஓனர் இணைப்பிலிருந்து சப் மீட்டர் போட்டிருக்கிறார்களா? 2024 ஜூலை விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் தனி இணைப்புக்கு, முதல் 100 யூனிட் இலவசமும் மானியமும் போக, பில் 1,175 ரூபாய். அதே 400 யூனிட்டுக்கு ஓனர் சப் மீட்டரில் யூனிட் ஒன்பது ரூபாய் என்று வாங்கினால் 3,600. இரண்டு மாதத்துக்கு 2,425 ரூபாய் வித்தியாசம், மாதத்துக்கு 1,200. கேட்டால், "எல்லாருக்கும் சேர்த்து ஓடுறதால எனக்கு மேல் ஸ்லாப் வருதுங்க" என்பார்கள். அதில் பாதி உண்மையும் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதம் எகிறத்தான் செய்கிறது. ஆனால் அந்த எகிறலை ஏன் குடியிருப்பவர் தலையில் மட்டும் கட்ட வேண்டும்? வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீட்டையே எடுக்கலாம்.

தண்ணீரில் ஓஎம்ஆர் தனி உலகம். சோழிங்கநல்லூர், பெருங்குடி வட்டாரமெல்லாம் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. பெரிய குடியிருப்புகள் பல வருடம் லாரித் தண்ணீரை நம்பியே ஓடின. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஊரே லாரிக்குப் பின்னால் ஓடியது, ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். அதனால் ஃபிளாட் பார்க்கும்போது மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதில் லாரித் தண்ணீர் அடக்கமா, ஏப்ரல், மே மாதங்களில் தனியாக வசூலிப்பார்களா என்றும் கேட்க வேண்டும். அசோசியேஷன் செயலாளரைவிட வாட்ச்மேனைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

வாடகை ஏன் இப்படி ஏறுகிறது

2020, 21-இல் ஓஎம்ஆரில் வீடு கேட்க ஆளில்லை. ஐடிக்காரர்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், ஓனர்களே போன் செய்து வாடகையைக் குறைத்தார்கள். 2022-இலிருந்து ஆபீஸுக்கு வா என்று கூப்பிட ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். குறைத்த வாடகையும் திரும்பியது, மேலே கொஞ்சம் ஏற்றிக்கொண்டும் போனது. அதே 2022 ஏப்ரலில் சொத்து வரியும் உயர்ந்தது; வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதத்தில் ஆரம்பித்து சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம் வரை. வரி உயர்வின் அளவு என்னவோ வருடத்துக்குச் சில ஆயிரம்தான். ஆனால் வாடகை ஏற்ற அது நல்ல சாக்கு.

தாம்பரத்துக்குத் தெற்கே கதை வேறு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் ஊருக்கு வெளியே என்ற பெயரை இழந்துவிட்டன. ஓஎம்ஆரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தால் அங்கேயும் அதுதான் நடக்கும். சிறுசேரி வரை போகும் பாதைக்குத் தூண் எழும்பும்போதே ஓனர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டி, கீரணத்தம் பகுதிகளில் ஐடி நிறுவனங்கள் பெருகப் பெருக வாடகையும் கூடவே வளர்கிறது. அங்கே இன்று இருக்கும் மலிவு அப்படியே நிற்கும் என்று நினைத்து யாரும் போக வேண்டாம். தொழிற்சாலை ஊர்களில் நெருக்கடி இன்னும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பைத் திறந்தார்கள் என்றால், அத்தனை பேர் அதுவரை லைன் வீடுகளிலும் பகிர்ந்த அறைகளிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

மாத வாடகையா, ஒத்தியா

சேலையூரிலேயே இன்னொரு வீட்டை ஒன்பது லட்சத்துக்கு லீஸுக்குத் தருவதாகச் சொன்னார்கள். தெற்கே ஒத்தி, கொங்குப் பக்கம் போக்கியம், சென்னையில் லீஸ்: பெயர்தான் வேறு. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது.

எண்ணைப் பார்த்தால் ஒத்திதான் ஜெயிக்கும். ஒன்பது லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி மாதம் 4,875 ரூபாய். தங்கையிடம் இருப்பது நான்கு லட்சம். மீதி ஐந்து லட்சத்தை 12 சதவீதத்தில் கடன் வாங்கினாலும் மாதம் 5,000 வட்டி, சொந்தப் பணத்தின் வட்டி இழப்பு 2,170, மொத்தம் 7,170. பதினாறாயிரம் வாடகைக்கு எதிரே இது பாதிகூட இல்லை. மாப்பிள்ளை கண் விரிந்தது.

நான் வில்லங்கம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பதிவுத் துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது, அரைமணி நேர வேலை. அந்த வீட்டின் மீது ஒரு வங்கிக் கடன் இருந்தது. ஓனர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டைத்தான் பிடிக்கும். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்பது லட்சம் கொடுத்தவர் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, "நம்பிக்கைதாங்க முக்கியம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலே போதும். கடன் இல்லாத வீடு, பதிவுக்குச் சம்மதிக்கும் ஓனர், முழுவதும் சொந்தப் பணம் என்று மூன்றும் அமைந்தால் ஒத்தியை மிஞ்சிய ஏற்பாடு இல்லை. இந்த இடத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

ஒப்பந்தம்

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்னமும் பலர் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்கிறார்கள். புதிய சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதில் இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத பட்சத்தில் என்ற ஓட்டையோடு. பத்து மாத வழக்கம் அந்த ஓட்டை வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது. இருந்தாலும் பேரம் பேசும்போது அந்த மூன்று மாதத்தைச் சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை. வாடகையில் தகராறு வந்தாலும் ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

நான் தங்கையிடம் கறாராகச் சொன்னது வருடாந்தர உயர்வைப் பற்றி. ஐந்து சதவீதமா பத்தா என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதிவிட வேண்டும். 16,000 வருடம் ஐந்து சதவீதம் ஏறினால் மூன்று வருடம் கழித்து 18,522. பத்து சதவீதம் என்றால் 21,296. இன்று சேலையூரில் மிச்சம் பிடித்ததில் பாதி மூன்று வருடத்தில் இந்த ஒரு எண்ணில் கரைந்துபோகலாம். வெள்ளையடிப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத வேண்டும். குடிபோகும் அன்று சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது என் வழக்கம். முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

பேரத்துக்கு நல்ல நேரம் ஆடி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் காலி வீடுகள் அப்படியே நிற்கும், ஓனருக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம். சேலையூர் வீடு வைகாசியிலிருந்தே பூட்டிக் கிடந்தது. ஆடி இரண்டாவது வாரம் போய்ப் பேசினார்கள். வாடகையில் ஓனர் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. அட்வான்ஸைப் பத்திலிருந்து ஆறு மாதமாக்கினார், உயர்வு ஐந்து சதவீதம் என்று எழுதச் சம்மதித்தார். தனி மீட்டர் ஏற்கெனவே இருந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மட்டும் கொஞ்சம் தயங்கினார், செலவை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதும் சரி என்றுவிட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். கோவை மாற்றலை ஆபீஸில் மறுக்காமல், ஒரு வருடம் அவகாசம் கேட்டு வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. தங்கை அங்கே வேலை தேடுவதை நிறுத்தவில்லை. சம்பள வித்தியாசம் ஐந்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால் எனக்கு மறுபடி போன் வரும். அதற்குள் குழந்தையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வியும் வந்து நிற்கும், அதன் ஃபீஸ் பட்டியல் இந்த மொத்தக் கணக்கையும் கலைத்துப் போடும் என்றுதான் நினைக்கிறேன்.